நாற்பத்தொரு நாள் தண்ணீர்

மூன்றடிக் கண்ணாடித் தொட்டி.
வில்லாபுரம் வாடகை வீட்டின்
மேற்குச் சுவரை விட்டுத் தள்ளியே வைத்தோம்.
இரவு பத்து மணிக்கும் அந்தச் சுவர்
இறக்கி வைத்த தோசைக்கல்.

வரப்போவது ஆக்ஸலாட்டில்.
பேரைச் சொல்லவே என் தங்கைக்கு மூன்று நாள் ஆனது.
இமை கிடையாது, வெளிச்சம் ஆகாது,
தண்ணீர் பதினெட்டு டிகிரி தாண்டக் கூடாது.
மதுரையில். பங்குனியில். பதினெட்டு.
சகாயராஜ் சிரிக்கவில்லை, ஃப்ரிட்ஜ் மெக்கானிக்.
"செய்யலாம்" என்றான்
வாயில் ஸ்க்ரூவைக் கவ்விக்கொண்டு.

சரளைக்கல் போட்டால் விழுங்கிவிடும்.
எம்-சாண்ட் கூர்மை, வயிற்றைக் கிழிக்கும்.
ஆற்று மணலுக்கு எங்கே போவது,
ஆறே மணலுக்கு ஏங்கிக் கிடக்கையில்?
கட்டடம் பாதியில் நின்ற எதிர்வீட்டில்
இரண்டு சட்டி கேட்டு வாங்கி
மாவுச் சல்லடையில் சலித்துப்
பதினான்கு வாளி அலசினேன்.
அந்தச் சல்லடை அதன்பிறகு மாவு பார்க்கவில்லை.

பருப்பை வேகவிடாத எங்கள் போர் தண்ணீர்
அதற்கு ஒத்துக்கொள்ளுமாம்.
ஆறு வருஷத்தில் அந்தத் தண்ணீரைப் பற்றி
நான் கேட்ட முதல் நல்ல வார்த்தை.

அப்புறம் இறால்.
நெல்பேட்டையில் ஒன்றே ஒன்று கேட்டதற்கு
மீன்காரர் தராசைக் கீழே வைத்துவிட்டார்.
காசும் வாங்கவில்லை.
யாருமில்லாத தொட்டிக்குள் போட்டு
அழுகவிட்டோம்.
அழுகல் அமோனியாவாகி,
அதைத் தின்னக் கண்ணுக்குத் தெரியாதவை வந்து,
அவற்றின் கழிவைத் தின்ன வேறு சில வந்து,
ஸ்பாஞ்சின் துளைகளில் குடித்தனம் பண்ணும்வரை
விருந்தாளியைக் கூப்பிடக் கூடாது.

வாடகை வாங்க வந்த பேச்சியம்மா
குனிந்து பார்த்தார்.
"தண்ணிதான இருக்கு?"
இருபதாம் நாள், மீட்டரைக் குறித்துக்கொண்டே:
"இன்னும் ஒண்ணுமில்லையா?"
அந்தக் கேள்வி இந்த வீட்டுக்குப் புதிதில்லை.
ஆனால் இந்த முறை என்னிடம் பதில் இருந்தது.
சோதனைக் குழாயைத் தூக்கிக் காட்டினேன். ஊதா.
"நீலமாகணும்மா. நீலமானா வந்துரும்."

மெடிக்கல் ஷாப்பில் இன்சுலின் பெட்டியோடு வரும்
ஜெல் பைகளைக் குப்பைக்கு விடாமல்
பதினொன்று சேர்த்தேன்.
மாதம் ஒரு நாள் ஒன்பதிலிருந்து ஐந்துவரை
கரன்ட் இருக்காதே, அன்றைக்கு.

ஜவுளிக்கடையில் கழித்துப் போட்ட வாட்டர் கூலரைப் பிரித்து
சகாயராஜ் சில்லர் செய்தான்.
முதல் தடவை கசிந்தது.
இரண்டாம் தடவை ஐந்துக்கு இறங்கியது.
மூன்றாம் தடவை பற்றி அவன் பேசுவதில்லை.

நாற்பத்தொன்றாம் நாள்
மஞ்சள், நீலம், ஆரஞ்சு.
மூன்று குழாயையும் ஜன்னலில் நிறுத்தி
தோளோடு தோள் நின்று பார்த்தோம்.

பெங்களூர் பஸ், மாட்டுத்தாவணி, விடியற்காலை நாலரை.
தெர்மாகோல் பெட்டியை மடியில் வைத்து
பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தேன்.
ஒவ்வொரு வேகத்தடையிலும்
அவன் காலை ஊன்றி ஊன்றித் தாண்டினான்.

இளஞ்சிவப்பு. விரல் நீளம்.
செவுள் வெளியே இறகாய் விரிந்திருக்க
வாய் சிரிக்கிறது. சிரிப்பில்லை, வாயே அப்படி.
கால் போனால் முளைக்குமாம்.
கடைசிவரை குஞ்சாகவே இருந்துவிடுமாம்,
கரை ஏறாமலே.
மணலில் ஒரு நிமிஷம் நின்றது.
பிறகு பிவிசி குழாய்க்குள் போனது.
போனது போனதுதான்.

"எங்கம்மா?"
"குழாய்க்குள்ள."
பேச்சியம்மா தரையில் உட்கார்ந்துவிட்டார்,
வாடகையை மறந்து, முந்தானையால் விசிறியபடி.
ரொம்ப நேரம் கழித்துக் கிசுகிசுத்தார்:
"வால் தெரியுது."

இப்போது கத்திரி வெயில்.
தொட்டிக்குள்ளிருந்து உருவிய சூட்டையெல்லாம்
சில்லர் எங்கள் கட்டிலோரம் கொட்டுகிறது.
நனைத்த துண்டை நெஞ்சில் போட்டுக்கொண்டு
இருட்டில் கேட்கிறான், "எவ்வளவு?"
எழுந்துபோய்ப் பார்த்துச் சொல்கிறேன்.
"பதினேழே முக்கால்."
"சரி. தூங்கு."