பானெட்டின் சூடு

மங்காஃப். ஜனவரி. விடிகாலை மூன்றரை.
மூன்று டிகிரி என்கிறது போன்.
வாளித் தண்ணீர் எண்ணெல்லாம் சொல்லாது,
கையை விட்டால் கடிக்கும்.

இரண்டு கையுறை எனக்கு,
உள்ளே கம்பளி, வெளியே ரப்பர்.
ரப்பர் கிழிந்த இடத்தில்
ஆள்காட்டி விரல் மட்டும்
தனியாக ஒரு குளிர்காலம் நடத்துகிறது.

கழுவுவதுகூடப் பரவாயில்லை.
வாக்ஸ்தான் வம்பு.
இந்தக் குளிரில் டப்பாவைத் திறந்தால்
நகம் இறங்காது.
பனியனுக்குள் விட்டு, வயிற்றோடு ஒட்டி
அரைமணி நேரம் அடைகாக்க வேண்டும்.
"எத்தனையாவது மாசம்?" என்பான்
ஹாரிஸ் அபு ஹானி.
சிரிப்பேன்.
சிரித்தால் டப்பா நழுவும்.

இருபத்தாறு வண்டிகள்.
எதை முதலில் தொடுவது என்பதை
நான் முடிவு செய்வதில்லை.
புறங்கையை வைத்து ஒவ்வொன்றாகப்
பார்த்துக்கொண்டே போவேன்,
குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல.
கடைசியாக வீடு வந்த வண்டியில்தான்
வாக்ஸ் இழுபடும்.
ஷைனி சிஸ்டரின் யாரிஸ்,
டூட்டி முடிந்து இரண்டரைக்கு வந்தது: இளஞ்சூடு.
எகிப்து வாத்தியாரின் கேப்ரிஸ்: கல்.
முன்னூற்று நாலின் சில்வர் லான்சர்,
மூன்று வாரமாக, தினமும்,
அப்போதுதான் இறக்கிய தோசைக்கல்.

குலசேகர் சார். எண்ணெய்க் கம்பெனியில்
இன்ஜினியர் என்று கேள்வி.
பின்சீட்டைத் தட்டும்போது
கசங்கிய பில் ஒன்று விழுந்தது:
ஃபஹாஹீல், இரவு பதினொன்று நாற்பது,
இரண்டு மந்தி, ஒரு லபன்,
பெல் அடிக்க வேண்டாம், பாப்பா தூங்குகிறது.
டிக்கியில் சதுரமாக ஒரு பை.
அதன் ஜிப்பைத் திறந்தால்
சாப்பிட்டு வந்தவனுக்கும் பசிக்கும்.
பில்லை நீவி, மடித்து, டாஷ்போர்டில் வைத்தேன்.
மறுநாள் அது அங்கே இல்லை.
அவர் எப்போதும்போல் குட்மார்னிங் சொன்னார்,
கொஞ்சம் சத்தமாக.

நேற்று, நேரம் கெட்ட நேரத்தில்,
லிஃப்ட் கதவு திறந்தது.
நித்திலா மேடம்.
நைட்டிமேல் கணவரின் கோட்டு.
சாக்ஸ் போட்ட காலில் ஹவாய் செருப்பு நுழையாமல்
இழுத்துக்கொண்டு வந்தார்.
ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள்,
கை முந்திக்கொண்டது.
ஒரு முழு வாளியை
லான்சரின் பானெட்டில் கவிழ்த்தேன்.
ஆவி எழுந்தது. சின்ன ஆவிதான்.
துணியால் விசிறிக் கலைத்தேன்.

"அண்ணே, வண்டி எப்ப வந்துச்சு?"
"பாக்கலம்மா. நான் வர்றப்பவே
ஜில்லுனுதான் இருந்துச்சு."
கோட்டுக் கையை மடித்துவிட்டு
பானெட்டில் உள்ளங்கையை வைத்தார்.
ஜில்லென்றுதான் இருந்தது.

அப்புறம் குனிந்தார்.
சைலன்சருக்குக் கீழே
கட்டடத்துப் பூனைகள் மூன்றும்
ஒன்றின்மேல் ஒன்றாக,
அத்தனை வண்டிகளை விட்டுவிட்டு இங்கே,
குறட்டை கேட்கும் தூக்கம்.
பூனைகளைப் பார்த்தார்.
என்னைப் பார்த்தார்.
பனியனுக்குள் டப்பாவை
இடம் மாற்றி வைக்கவேண்டியிருந்தது எனக்கு.

"வாக்ஸ் போட எவ்ளோண்ணே?"
"ரெண்டு தினார்மா."
கோட்டுப் பைக்குள் துழாவினார்.
நான்காய் மடித்த கால் தினார் நோட்டுகள்,
மசாலா பிசுக்கோடு, ஒரு கை நிறைய.
ஒரு நோட்டை விரித்தார். முகர்ந்தார்.
பிறகு எண்ணத் தொடங்கினார்.
எட்டு எண்ண அவ்வளவு நேரம் ஆகாது.
மீதியை வந்த மடிப்பிலேயே மடித்து
அதே பைக்குள் போட்டார்.
"நான் கீழ வந்தேன்னு சொல்லாதீங்க."

லிஃப்ட் மூன்றில் போய் நின்றது.
டப்பாவைத் திறந்தேன்.
நானே அணைத்த இரும்பு,
எப்படி இழுபடும்?
வைத்த இடத்தில் திட்டாக உறைந்தது.
தேய்த்தேன். பாங்கு சொன்னார்கள்,
தேய்த்தேன். தோள்பட்டை கழன்றது.
பூனை ஒன்று எழுந்து சோம்பல் முறித்து
யாரிஸுக்குப் போய்விட்டது.

ஏழு மணி வெயில் சாய்ந்து விழுந்தபோது
பானெட் முழுக்க வட்டம் வட்டமாக
என் கை திணறிய தடம்.
சார் சாவியோடு வந்தார்.
"என்னண்ணே இது?" என்றார்.
"குளிர் சார்" என்றேன்.