எட்டெழுத்து

தக்கலை தாலுகா ஆபீசுக்கு எதிரே என் கடை.
ஜெராக்ஸ், லேமினேஷன், டைப்பிங்,
பாஸ்போர்ட் போட்டோ ஐந்து நிமிடத்தில்.
பலகையில் எழுதாமல் விட்டது:
பிழைகள் இலவசம்.

ஒருமுறை குலசேகரத்துப் பால்காரர்
டெய்ரி நடத்தக் கடன் கேட்டார்.
டைரி நடத்துவதாக அடித்துவிட்டேன்.
இரண்டெழுத்து இடம் மாறி உட்கார்ந்திருந்தன
ஜன்னலோரத்துக்குச் சண்டை போட்டவர்கள் மாதிரி.
பேங்க் மேனேஜர் சிரித்துக்கொண்டே
போன வருடத்து டைரி ஒன்றைக் கொடுத்தனுப்பினாராம்.
பால்காரர் அதை என் மேசையில் போட்டுவிட்டுப் போனார்.
இன்றைக்கும் அதில்தான் கணக்கெழுதுகிறேன்.

இது அப்படியல்ல.

சகாய செல்சி, குறும்பனை.
கணவர் ததேயூஸ் கடலுக்குப் போய்
ஏழு வருடம், நான்கு மாதம்.
கோர்ட்டுத் தாள் கைக்கு வந்தபின்
காப்பீட்டுக் கம்பெனிக்கு இங்கிலீஷில் ஒரு விண்ணப்பம்.
கரண்ட் போய்ப் போய் வந்த மத்தியானம்.
இறந்தவர் என்று அடிக்க வேண்டிய இடத்தில்
நோயுற்றவர் என்று அடித்திருக்கிறேன்,
ஒன்பது முறை.

எட்டெழுத்து இதற்கு, எட்டெழுத்து அதற்கு.
இரண்டாவதும் மூன்றாவதும்தான் வேறு.
கம்ப்யூட்டர் சிவப்புக் கோடு போடவில்லை,
அதற்கு இரண்டுமே நல்ல சொற்கள்.
தமிழில் எழுதிப் பார்த்தேன்,
இரண்டும் டிசீஸ்டு என்றே வந்து நின்றன.
நோயின் சொல்லுக்குள் ஒரு வண்டு முரல்கிறது.
அந்த வண்டுக்கு நம்மிடம் எழுத்தில்லை.
அது முரலும்வரை ஆள் இருக்கிறார்,
அடங்கினால் இல்லை.

நாற்பது நாளில் பதில்:
மேற்படி நபர் நோயுற்றிருப்பதாக அறிகிறோம்.
மருத்துவச் சான்றுகளுடன்
நபரையும் நேரில் அழைத்து வரவும்.
கோர்ட்டுத் தாளை யாரும் புரட்டவில்லை போல.

அதைத்தான் நீட்டினாள்.
கத்தப் போகிறாள் என்று நினைத்து
ஃபேனைக் கூட்டி வைத்தேன்.
விற்றுத் தீர்ந்த மீன் சருவத்தைக்
காலடியில் வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"பக்கத்து வீட்டு நர்சிங் பிள்ளை வாசிச்சுச் சொன்னா மக்ளே,
மாமாவுக்குத் தீனமாம், கூட்டிட்டு வரணுமாம்னு.
எனக்க மாப்பிளைக்குத் தலைவலிகூட வந்ததில்ல.
ஆனா கம்பெனிக்காரனுக்கு ஏதாம் தெரிஞ்சிருக்கும்லா?
ஓமன்லயோ மாலத்தீவுலயோ
ஒரு ஆஸ்பத்திரிக் கட்டில்ல
சொந்தப் பேரு மறந்து கெடக்காரோ என்னவோ.
ராத்திரி முழுக்க ஒறங்கல்ல.
விடியக்காலம் அவருக்க நீலச் சட்டையத்
தொவச்சுக் காயப் போட்டேன்."

பிழை என்னுடையது என்றேன்.
சொல்லைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினேன்.
"இந்தப் புள்ளி வெச்ச எழுத்தா?"
அதுவும், அதற்கு அடுத்ததும்.
தொட்டுப் பார்த்தாள்.
விரலிலிருந்த செதில் ஒன்று
திரையில் ஒட்டிக்கொண்டது.

"அப்போ நாப்பது நாளு
அவனுவளுக்க பேப்பர்ல
அவரு உசுரோட கெடந்திருக்காரு"
என்றாள், யாரையோ மெச்சுகிற குரலில்.

ஒன்பதையும் ஒரே தட்டில் மாற்றலாம்.
நான் ஒவ்வொன்றாக மாற்றினேன்.
அவள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

புதிய தாள் சூடாக வந்தது.
பழையதைக் கிழிக்கப் போனேன்.
"அத இஞ்ச தா."
நான்காய் மடித்து
ரேஷன் கார்டு உறைக்குள் செருகினாள்,
அவர் பெயர் இன்னும் நீக்காத கார்டு.
இரண்டு தாளுக்கும் காசு வைத்தாள்.
பிழைக்கு வாங்குவதில்லை என்றேன்.
"அதுக்குத்தான் மக்ளே கூடுதல் தரணும்."

மூன்றரை மணிக் குளச்சல் பஸ்
கிளம்பிக்கொண்டிருந்தது. சருவத்தோடு ஓடினாள்.

திரையைத் துடைக்கத் துணியெடுத்தபோது பார்த்தேன்:
ஒன்பதாவது சொல்லின்
இரண்டாம் எழுத்துக்கு மேலே செதில்.
கீழே எழுத்து மாறிவிட்டது.
புள்ளி மட்டும் போகவில்லை.