பதினொன்று, ஒன்பது

பிர்னோவில் பகல் பன்னிரண்டு மணி
பதினொன்றுக்கே அடித்துவிடும்.
பெட்ரோவ் தேவாலயத்தில் அது வழக்கம்.
மத்தியானத்துக்குள் நகரம் விழாவிட்டால்
திரும்பிப் போய்விடுவேன் என்றானாம்
முற்றுகையிட்ட ஸ்வீடன் தளபதி.
யாரோ ஒரு மணியடிப்பவன் ஒரு மணி நேரத்தைத் திருடினான்.
படை போனது. கதை அப்படி.

எங்கள் கதையிலும் ஒரு பதினொன்று உண்டு.
தனக்கில்லாத முகவரியில் கைவைத்த பிராசஸுக்கு
கெர்னல் அனுப்பும் சிக்னலின் எண்.

பிப்ரவரி. விடிகாலை நாலு இருபது.
டிராம் டிக்கெட் சர்வர் பதினொன்று வாங்கிச் சரிந்தது.
சரிந்ததே தவிர, சாகவில்லை.
தன் நினைவு முழுவதையும், நூற்றுத் தொண்ணூறு ஜிகாபைட்,
பக்கம் பக்கமாய் எழுத உட்கார்ந்தது
ஆஸ்த்ராவாவில் இருக்கும் ஒரு சோம்பேறி டிஸ்க்கில்.

நான் விளாஸ்தா. இரவுப் பணி.
ஒன்பது அனுப்பினேன்.
ஒன்பதை யாரும் மறுக்க முடியாது,
பிடித்து வைக்கவோ காதில் விழாததுபோல் இருக்கவோ முடியாது,
பாடப்புத்தகத்தில் அப்படித்தான்.
அது எழுதிக்கொண்டிருந்தது.
இன்னொரு ஒன்பது.
திட்டிக்கொண்டே இன்னொன்று.
கூட்டினால் இருபத்தேழு. பலன் சைபர்.
போர்ட்டை விடவில்லை, புதியதை ஏற்ற வழியில்லை.
அன்று ஏழேகால் வரை ஊர் முழுக்க ஓசிப் பயணம்.
செத்த டிக்கெட் மெஷினைத் தட்டிக்கொடுத்துவிட்டு ஏறினார்களாம்
முதல் ஷிப்ட் ஆட்கள்.

ஹைனெக் கெர்னல் ஆள்.
"சாகிறவன் எழுதும்போது கையைத் தட்டிவிடக் கூடாதென்று
யாரோ நல்ல மனசோடு கதவைச் சாத்தியிருக்கிறார்கள்," என்றான்.
திறந்தான்:
ஒவ்வொரு பக்கமும் எழுதி முடித்ததும்
ஒரு கணம் நின்று கேள், ஒன்பது வந்திருக்கிறதா?
வந்திருந்தால் பேனாவை வை.

மூன்றே வரி. ஓட்டிப் பார்த்தோம்.
கோப்பு பிறந்ததும் செத்தது. அளவு பூஜ்யம்.
மறுபடி. பூஜ்யம்.

எழுதத் தொடங்குமுன் கெர்னல்
உடன்பிறந்த இழைகள் அத்தனைக்கும்
தானே ஒன்பது கொடுக்கிறது,
ஒருவன் எழுதுகையில் மற்றவன் நினைவைக் கலைக்கக் கூடாதே என்று.
அந்தச் சத்தத்தில் எழுதுகிறவனும் எழுந்துவிட்டான்.
தன் வீட்டுக் கதவைத் தானே தட்டிவிட்டு
யாரது என்று பதறியிருக்கிறது கெர்னல்.

வீட்டு ஒன்பது வேறு, வெளி ஒன்பது வேறு.
பிரித்துச் சொல்ல ஹைனெக்குக்கு ஒன்றரை வாரம்,
இரண்டு ஜாடி வெள்ளரி ஊறுகாய்.
மற்ற சிக்னலெல்லாம் வாசலில் நிற்கட்டும்,
வெளியிலிருந்து வரும் ஒன்பதுக்கு மட்டும் வழி.

ஏப்ரல், ஒரு வியாழன், பகல்.
அதே சர்வர், அதே பதினொன்று.
கோப்பு வளர்கிறது. இருபது, முப்பத்தாறு.
"கொஞ்சம் பொறு," என்கிறான் பின்னால் நின்று ஹைனெக்.
"இன்னுமா?" என்கிறாள் போனில் போஹ்தானா,
டிராம் அலுவலகத்திலிருந்து, மூன்றாம் முறையாக.
பெட்ரோவில் அடிக்கத் தொடங்கியது,
பன்னிரண்டு, பதினொன்றுக்கு.
ஏழாவதா எட்டாவதா, எண்ணிக்கை தவறிய ஓர் அடியில்
ஒன்பதை அழுத்தினேன்.
உடனே நின்றது.
அவ்வளவு கீழ்ப்படிதல்
எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

நாற்பத்தொரு ஜிகாபைட். திறந்தோம்.
தலைப்பகுதியில் ரெஜிஸ்டர்கள் பத்திரம்:
எந்த இடத்தில் விழுந்தது,
விழும்போது கையில் என்ன முகவரி
(பூஜ்யம், வேறென்ன).
யார் அழைத்து யார் அனுப்பி அங்கே வந்தது என்பது
அழைப்பு அடுக்கில் இருக்கும்.
அடுக்கு நினைவின் கடைசிப் பக்கங்களில் இருக்கும்.
கடைசிப் பக்கங்கள் வரவில்லை.

ஹைனெக் ஒன்றும் சொல்லவில்லை.
கீழே நாலாம் எண் டிராம் போனது,
எல்லோரும் டிக்கெட்டோடு.