சிவப்பு வட்டம், நீல வட்டம்

ரூக்செக்கர் காரோடு சேர்த்து ஓர் அட்டையையும் இறக்கினார்.
வாஷிங் மெஷின் வந்த பெட்டியைப் பிரித்த அட்டை.
ஒன்பது மாதம் அந்தப் பச்சை எம்.ஜி.யின் கீழே கிடந்தது.
விழுந்த ஒவ்வொரு துளியையும் சுற்றிப் பென்சில் வட்டம்,
வட்டத்தருகே தேதி.
ஓய்வுபெற்ற நில அளவையாளர்.
கோணல் வட்டம் ஒன்றுகூட இல்லை.

மூன்று கராஜ்கள் பார்த்தாயிற்றாம்.
மூன்றும் ஒரே இடத்தைக் காட்டினவாம்:
எஞ்சினும் கியர்பாக்ஸும் கைகோக்கும் அடிவயிறு,
அங்கே ஒரு துளை, துளையில் ஆடும் ஒரு பின்,
பின் நுனியில் ஒரு கறுப்புச் சொட்டு.
பின்பக்க சீல் போயிற்று, எஞ்சினை வெளியே எடுக்கவேண்டும்,
நாலாயிரத்து இருநூறு பிராங்க்.
வியாழக்கிழமை அரசாங்கச் சோதனை.
சொட்டுகிற காருக்கு முத்திரை கிடையாது.

நான் உடனே எதுவும் சொல்லவில்லை.
எண்ணெய்க்கு நேர்மை குறைவு.
பிறந்த இடத்தில் அது நிற்பதே இல்லை.
போல்ட்டின் தோளில் வழுக்கி,
விளிம்பைப் பிடித்து நடந்து,
காற்றடித்தால் பின்னால் ஓடி,
இனி இறங்க இடமில்லை என்ற இடத்தில்
ஒன்றும் அறியாத முகத்தோடு தொங்கும்.
தொங்குகிறவனைப் பிடித்து அடிப்பது
எல்லாருக்கும் சுலபம்.

கழுவினேன், இரண்டு பிற்பகல்.
அறுபத்தேழிலிருந்து படிந்த பசை
நகக்கண்ணுக்கு இடம் மாறியது.
பிறகு கடையில் வாங்கிய குழந்தைப் பவுடரை
பிளாக் முழுக்கத் தூவினேன்.
"குளிப்பாட்டியாச்சு, தொட்டில் எங்கே?" என்றான் ரேட்டோ.
கராஜ் முழுக்க பிரசவ வார்டு வாசனை.

ஹைமிஸ்வில் வழியாக லூக் மேடுவரை ஓட்டினேன்,
வளைவுக்கு வளைவு மூன்றாம் கியர்,
சாணமும் வெட்டிய புல்லும் மூக்கில் ஏற.
(உண்மையைச் சொன்னால், தேவைக்கு மேல் ஒரு சுற்று.)
திரும்பிவந்து தூக்கிப் பார்த்தால்
காற்று தின்றது போக மிச்சப் பவுடர்
வெள்ளை வெளேரென்று.

அன்றிரவு அட்டையைச் சாப்பாட்டு மேசையில் விரித்தேன்.
"ஆற்றை சாதகம் அம்மா?" என்றாள் மிதுஷா.
வரைபடத்துக்கு வைப்பதுபோல் மூலையில் குறிவிளக்கம்,
எறும்பெழுத்தில் ஜெர்மன்:
நீலம், புறப்படும்போது. சிவப்பு, திரும்பியபின்.
அட்டை முழுக்க நீலம்.
உப்புச் சாலைக்குப் பயந்து கொட்டகைக்குள்ளேயே
உறுமவைத்த ஜனவரியில் அடைமழை,
ஜூலையில் இரண்டே தூறல்.
சிவப்பு எங்கே? தேடினேன்.
குறிவிளக்கத்தில் மட்டும்.

மூவரும் சூடான காரையே பார்த்தார்கள்.
நானும்தான்.

காலை ஆறு மணி. ஷட்டர்வரை எம்மெ ஆற்றின் பனிமூட்டம்.
இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த எஞ்சினில்
புதிதாகத் தூவி, சாவியைத் திருப்பி,
விளக்கோடு கவிழ்ந்தேன்.
டாஷ்போர்டில் அழுத்த முள் எண்பதுக்கு எகிறியது.
அந்த முள்ளுக்குச் செய்தி கொண்டுபோகும் ஒல்லிக் குழாய்,
பிளாக்கின் பின்மூலையில் அது சேரும் இணைப்பு,
அங்கே
வெள்ளையில் ஒரு மஞ்சள் கீற்று.
இறங்கி, நடந்து, அடிவயிற்றுக்குப் போய்,
பின் நுனியில் தொங்கியது.

அழுத்தம் எவ்வளவு என்று சொல்ல வந்த குழாய்
சொல்லும்போதெல்லாம் ஒழுகியிருக்கிறது.
ஒரு நிமிடம்கூட இல்லை. எண்ணெய் சூடாகி இளக,
முள் இறங்க, அதுவும் வாயை மூடிக்கொண்டது.
ரேட்டோவைக் கூப்பிடுவதற்குள் சாட்சி காய்ந்துவிட்டது.

ஒரு செம்பு வாஷர்.
புதிது வர நான்கு நாள். சோதனை நாளை.
பழையதையே சிவக்கச் சுட்டுத் தண்ணீரில் போட்டேன்.
அதே நெருப்பு, அதே தண்ணீர், உருக்கு என்றால் இறுகும்.
செம்பு இளகும்.
ஏன் என்று தொழிற்பள்ளியில் கேட்டேன், சொன்னார்கள், மறந்துவிட்டேன்.
நல்லவேளை ரசீது ஜெர்மனில்;
தமிழில் "சுட்ட வாஷர்" என்று எழுதினால்
திருட்டு வழக்காகியிருக்கும்.

பத்தாம் நாள் ரூக்செக்கர் வந்தார்,
முத்திரை குத்திய தாளோடு,
கக்கத்தில் புது அட்டையோடு.
விரித்தார். வெறும் பழுப்பு.
மாலைப்பொழுதை என்ன செய்வதென்று தெரியாதவர்போல்
சற்று நின்றார்.

பிறகு விரலை மெல்ல நகர்த்தி, முன்பக்க மூலை,
கடுகளவு துளி, காம்பஸ் வைத்தாற்போல் வட்டம்,
சிவப்பு.
"திரும்பியபின்," என்றார். கண்ணில் ஒரு வெளிச்சம்.

நான் கையைத் துடைத்துக்கொண்டு குனிந்தேன்.
"இது வேறு ஆள்."