ஐந்து எம்பிக்குள் ஒரு ஆனை

வேட்டி முடிச்சிலிருந்து பென்டிரைவை அவிழ்த்தார் திம்மராயன்.
நொகனூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார்.
தேன்கனிக்கோட்டையில் நான் அப்போதுதான்
ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தேன்.
"இதுல ஆனை இருக்குது வேணிம்மா.
யார் போன்லயும் வரமாட்டேங்குது."

உள்ளே ஒரே ஒரு கோப்பு.
மூன்று மணி பதினொரு நிமிடம்.
பெயரின் வாலில் யாரும் அறியாத மூன்றெழுத்து,
பதிந்த பெட்டிக்கு மட்டும் புரிகிற பாஷை.
தட்டினேன்.
எதைக் கொண்டு திறக்கட்டும் என்று
கம்ப்யூட்டர் என்னையே கேட்டது.

கேமரா அவருடையதில்லை.
பக்கத்து ரோஜாக் குடிலுக்காரர்
சொட்டுநீர்க் குழாய் களவு போகிறதென்று மாட்டியது.
அதன் இடது மூலையில்
உள்ளங்கை அகலத்துக்கு இவர் ராகி.
குடிலை வெட்டித் தள்ளிவிட்டு
மூலையை முழுத்திரைக்கு இழுத்தேன்.
பயிர் கட்டம் கட்டமாய் உடைந்தது,
கொஞ்சம் பொறுத்து மறுபடி பயிரானது.

தேதி 01-01-2000 என்று இருந்தது.
கரண்ட் போய் வந்த ஏதோ ஒரு ராத்திரி
பெட்டி தன் வயதை மறந்திருக்கிறது.
"ஃபாரஸ்ட் ஆபீசில் கேட்பார்களே?"
"அன்னைக்கும் வந்துதான் இருக்கும்.
அதுக்கும் பணம் வரல, சேர்த்து எழுது."
நான் தேதியைத் தொடவில்லை.
இதைத் தொட்டவள்
எதைத்தான் தொடவில்லை என்பார்கள்.

மாற்றப் போட்டேன். பச்சைக் கோடு நகர்ந்தது.
சுருக்குகிற மென்பொருள் கஞ்சன்.
முந்தின படத்திலிருந்து எது அசைந்ததோ
அதை மட்டும் எழுதிக்கொள்ளும்.
மற்றதெல்லாம் 'மேற்படி'.

ஆனையோ நின்று தின்றிருக்கிறது,
பந்தியில் உட்கார்ந்த சம்பந்தி மாதிரி
அவசரமே இல்லாமல்,
இருட்டுக்குள் இருட்டாய்.
மேற்படி. மேற்படி. மேற்படி.

முதல் பிரதி தொண்ணூறு எம்பி. ஓடியது.
வயல் இருந்தது, வரப்பு இருந்தது,
வேலிக்கம்பத்தில் கட்டிய சேலைத்துணிகூட இருந்தது.
ஆனை இல்லை.
கதிர்கள் தாமாகத் தாழ்ந்து
தாமாக இல்லாமல் போயின,
இடமிருந்து வலமாக.
திம்மராயன் திரைக்கு அருகே குனிந்தார்.
"என்னம்மா, நானே மேய்ஞ்சாப்ல இருக்குது?"

கஞ்சனின் கையைத் தளர்த்தினேன்.
நொடிக்கு இரண்டாயிரம் கிலோபிட், எடுத்துக்கொள்.
டீ வாங்கி வந்தார், ஆறியது.
இரண்டே முக்கால் ஜிபி.
முதலில் ஒரு காது வந்தது.
பிறகு விலா, பிறகு இன்னொரு விலா,
ஐந்து பெரிசு, கால்களுக்கிடையில் ஒரு குட்டி.

ஒலித்தடம் காலி. கேமராவுக்குக் காது கிடையாது.
அவர்தான் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று
சத்தம் போட்டுக்கொண்டே வந்தார்.
"இங்க முறிஞ்சுது."
"இங்க முனியப்பன் தகரம் தட்டறான்."
"இப்ப பாரு, வெடி."
திரை ஒருமுறை வெளுத்தது, அவ்வளவுதான்.

விண்ணப்பத்தோடு ஏற்ற
ஐந்து எம்பிதான் இடம்.
இந்தத் தரத்தில் அது பத்தொன்பது நொடி.
எந்தப் பத்தொன்பது?
மோட்டார் குழாயை மிதித்ததைக் காட்டினேன்.
களத்தில் அடுக்கிய கட்டுகளை இழுத்ததைக் காட்டினேன்.
அதிக நஷ்டம் எதுவோ அதுதானே முறை.
வேண்டாம் என்றார்.
வெடிக்குப் பிறகு ஒன்று மட்டும் திரும்பி நிற்கிறது,
வாயில் ராகித்தாள்,
கண் இருந்த இடத்தில் வெள்ளையாய்
ஒரு புள்ளி எரிகிறது.
"இது என்னைப் பார்த்துச்சு. இதைப் போடு."

வெட்டி, ஒட்டி, எம்பி4 ஆக்கி
அவர் போனிலேயே ஓட்டிக் காட்டினேன்.
நான்கு முறை பார்த்தார்.
ஐம்பது ரூபாய் கொடுத்துவிட்டு
பஸ் ஸ்டாண்டு வரை
பார்த்துக்கொண்டே நடந்தார்.

ராத்திரி கடை சாத்தும்போது
தற்காலிகக் கோப்புகளை அழிக்கட்டுமா என்று கேட்டது திரை.
முதல் பிரதியை இன்னொரு தடவை ஓடவிட்டேன்.
யாருமில்லாத வயல்.
ஒவ்வொரு வரிசையாகக் குட்டையாகிக்கொண்டிருந்தது ராகி.
அய்யூர் கடைசி பஸ் ஹாரன் அடித்தது.
இன்னும் இரண்டு மணி நேரம் மீதியிருந்தது.