கால் அங்குலம்

அப்புத்தளையில் சமதரை கிடையாது.
குறையாகச் சொல்லவில்லை.
மொரிஸ் மைனரின் முன்பக்கத்தைப் பூட்டி முடித்த
சனிக்கிழமை பின்னேரம்தான்
எனக்கே அது தெரியவந்தது.

இடது பக்கம் தாழ்ந்து நிற்கிறது என்றேன்.
ரோட்டுத்தான் தாழ்ந்து கிடக்கிறது என்றாள் பிலோமினா.
பிள்ளையின் போளையொன்றை எடுத்துச்
சிமெந்தில் வைத்தாள்.
அது யோசிக்கவே இல்லை.
கானைத் தாண்டி, மரக்கறிக் கடையைத் தாண்டி
பெரகலைப் பக்கம் போய்விட்டது.

அந்தப் பெரகலை வளைவில்தான்
முந்திய சொந்தக்காரருக்கு
முன் ரோதை முழந்தாள் மடித்தது.
கிரீஸ் காணாத ட்ரனியன்.
உள்ளே புரி தேய்ந்து தேய்ந்து
ஒருநாள் பிடி விட்டுவிட்டது.
மெல்லப் போனதால் மனுஷன் தப்பினார்.
பதினொரு வருஷம் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தி
எங்களுக்கு விற்றார்,
இறகும் எச்சமும் சேர்த்து.

புதிய ட்ரனியன் இரண்டு
பஞ்சிகாவத்தையில் வாங்கிவந்தேன்.
ஒரு பக்கத்துக்கு நேர்ப்புரி, மறுபக்கத்துக்கு எதிர்ப்புரி.
கடைப் பையன் இரண்டையும்
ஒரே பையில் போட்டுத் தந்திருந்தான்.
நான் எதிர்ப்புரியை நேராகத் திருகி
அரைச் சுற்று வந்திருப்பேன்,
குசினிக்குள்ளிருந்து குரல்:
"அந்தச் சத்தம் சரியில்லை."

அந்தக் கிழமை நாங்கள் பேசிக்கொள்ளவில்லை,
இந்தக் காருக்குப் போன காசினால்.
அந்த ஒரு வசனம்தான்
ஆறு நாளில் அவள் சொன்னது.

சுருள் ஸ்பிரிங் இல்லை இதற்கு.
நெடுக்கக் கிடக்கிற ஒரு கம்பி
முறுகி முறுகியே பாரம் தாங்கும்.
கழற்றிய அன்று சாக்கில் சுற்றி
'இ' என்றும் 'வ' என்றும் சோக்கால் எழுதினேன்.
ஐப்பசி மழை தகரத்தால் இறங்கி
இரண்டு எழுத்தையும் குடித்துவிட்டது.
ஒரே நீளம், ஒரே தடிப்பு.
மாற்றிப் போடக்கூடாதாம்.
ஒரு பக்கம் முறுகிப் பழகியதை
மறுபக்கம் முறுக்கினால்
எந்த மேட்டில் முறியும் என்று
யாருக்கும் சொல்ல முடியாது.

அவள் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தாள்.
ஊத்தைக்கு அடியில் ஒரு வெள்ளைக் கோடு,
புதிதில் யாரோ நேராக இழுத்தது.
இப்போது ஒரு கம்பியில் அது
அவரைக்கொடி மாதிரி வலப்பக்கம் சாய்ந்து ஏறியது,
மற்றதில் இடப்பக்கம்.
மூக்குக்கண்ணாடியைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு,
"இது இங்கே, அது அங்கே" என்றாள்.
ஏழாம் நாள் முடிந்தது.

பின்முனையில் ஒரு பல் மாற்றினால்
கார் வானம் பார்க்கிறது.
தட்டில் ஒரு துளை மாற்றினால்
கொஞ்சம்போல இறங்குகிறது.
ஆனால் எதிலிருந்து அளப்பது?
பாடசாலை வொலிபோல் திடல் சரிந்திருந்தது.
கோவில் முற்றமும்தான்,
சாமிக்குத் தெரியாமல் இராது.

கடைசியில் ஸ்டேஷனின் சாமான் கொட்டகை.
பதுளை ரயில் போனதும்
ஒரு மணித்தியாலம் தருகிறேன் என்றார் விமலசூரிய.
அவருக்கும் கார் பார்க்க ஆசை.
இரண்டாவது போளையை வைத்தோம்.
நின்றது.
மூன்று பேரும் கொஞ்ச நேரம் அதையே பார்த்தோம்.

முன்னும் பின்னும் உருட்டி,
பம்பரை அழுத்தி அழுத்தி விட்டு
டேப்பைப் பிடித்தேன்.
இடது பதின்மூன்று.
வலது பதின்மூன்றேகால்.
ஸ்பானருக்குக் கை நீட்டினேன்.

"நில்லுங்க. யார் ஓட்டப் போறது?
வலப்பக்கம் ஆள் ஏறினா அமுங்கும்தானே?"

நான் ஏறினேன், எழுபத்தொன்பது கிலோ.
அவள் குனிந்து அளந்தாள்.
வலது, இடதைவிடத் தாழ்ந்துபோனது.
பிறகு அவள் ஏறினாள்,
செருப்பை வெளியே கழற்றி வைத்துவிட்டு,
ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு.
நாற்பத்தெட்டு கிலோ.
முழந்தாளிட்டு டேப்பை வாசித்தேன்.
மறுபடி வாசித்தேன்.
இரண்டு பக்கமும் ஒரே இலக்கம்.

லைசென்ஸ் அவளுக்கு மார்ச்சிலேயே கிடைத்தது.
அதைப் பற்றி நான் அதிகம் கதைக்கவில்லை.
நட்டை அப்படியே இறுக்கினேன்.

போளையை எடுக்க மறந்துவிட்டோம்.
பிள்ளை இன்னும்
இரண்டுக்குக் கணக்குக் கேட்கிறான்.