புரூஃப் பார்த்தவன்

கொருக்குப்பேட்டை கேட் மூடினால்
எங்கள் அச்சகமும் கொஞ்ச நேரம் நிற்கும்.
கூட்ஸ் வண்டி அதிர்வில்
நாலு கலரும் நாலு பக்கம் விலகிவிடும்.
அந்த இடைவெளியில்தான் நான் புரூஃப் பார்ப்பேன்.
கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி,
மாநாட்டுப் போஸ்டர்,
எதிலும் ஓர் ஒற்று கூடாது, ஓர் ஒற்று குறையாது.
"எபினேசர் கை பட்டா எய்த்து சுத்தம்"
என்பார் ஓனர் வேதகிரி.

எங்கள் ஏரியா நாக்கில் ழகரம் நிற்காது.
வாழைப்பழம் வாயப்பயம், கிழவி கெய்வி.
நாக்கு எப்படியோ போகட்டும்,
காகிதத்தில் நான் விட்டதில்லை.

ஒரு ராத்திரி கோதண்டம் வந்தான்.
மாத்திரைப் பெட்டி ஒன்றை நீட்டினான்.
வலிப்புக்குக் கொடுப்பது. ஊரறிந்த கம்பெனி.
"இதே மாரி பத்தாயிரம். பில்லு வாணாம்."
மூன்று மடங்கு கூலி.
கேட்க வேண்டிய கேள்வி
எனக்குத் தெரியாமல் இல்லை.
கேட்டது,
"மேட்டா, பளபளப்பா?"

பெட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்தில்
*குளந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்.*
குளந்தை!
இவ்வளவு பெரிய கம்பெனியில்
படிக்கத் தெரிந்தவன் ஒருத்தன் இல்லையா?
கை பரபரத்தது.
ளகரத்தை எடுத்துவிட்டு ழகரம் வைத்தேன்,
பத்தாயிரம் பெட்டியிலும்.
அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்
என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆறு மாதம் கழித்து
மருந்து ஆய்வாளர் அமுதவல்லி
இரண்டு பெட்டிகளை மேஜைமேல் வைத்தார்.
கலர் ஒன்று. பேட்ச் நம்பர் ஒன்று. விலை ஒன்று.
"தப்பு இருக்கறது கம்பெனிது.
தப்பு இல்லாதது உங்களுது"
என்றார், குரலை உயர்த்தாமல்.
மாத்திரைகளை நான்கு பங்காக்கி
அரக்கை உருக்கி முத்திரை வைத்தார்.
அச்சக மையையும் மீறி
அந்த அரக்கு வாசனை
இரண்டு நாள் கிடந்தது.

ஆய்வறிக்கை வந்தது.
மாவு, சுண்ணாம்பு.
மருந்து என்ற கட்டத்தில்: இல்லை.

பாரிமுனைக் கோர்ட்டுக்கு
நேதாஜி நகரிலிருந்து ஒரு தாய் வந்தாள்,
தினசரி காலண்டரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு.
காலைக்கு ஒரு டிக், ராத்திரிக்கு ஒரு டிக்.
ஒரு வேளைகூட விடவில்லை.
பையன் பள்ளிக்கூடப் படிக்கட்டில் விழுந்தான்,
நாக்கு பாதி கிழிந்தது.

கொடுங்காயம் மருந்தால் என்று நிரூபணமானால்
பத்து வருஷத்துக்குக் குறையாது.
ஆகாவிட்டால் ஏழு.

நீதிபதி பெயர் கேட்டார்.
"எயிலன்."
எங்கள் வக்கீல் எழுந்தார்.
"கனம் கோர்ட்டார் அவர்களே,
இது காயமா, தண்டையார்பேட்டையா?
அங்கே எல்லாருமே இப்படித்தான்."
யாரோ சிரித்தார்கள்.

"இல்ல சார்.
இவன் மட்டும் ஒயுங்கா சொல்லுவான்.
டீச்சரு கத்துக் குட்த்தது."
"எப்படிச் சொல்வான், சொல்லுங்கள்."
அவள் வாயைத் திறந்தாள்.
எ...
எயி...
நின்றுவிட்டாள்.
பையன் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தான்,
போலாம் என்பதுபோல.

அந்த வித்தியாசத்தை
எழுதிக் காட்டத் தெரிந்தவன்
கூண்டில்தான் நின்றிருந்தேன்.
சட்டைப் பையில் பேனாகூட இருந்தது.

போதிய ஆதாரம் இல்லை என்றார்கள்.
கோதண்டத்துக்கு ஏழு. எனக்கு மூன்று.
வேதகிரி அப்ரூவர்.

புழலில் இப்போது மனு எழுதிக் கொடுக்கிறேன்,
ஜாமீனுக்கு, பரோலுக்கு.
குழந்தை என்ற சொல் இல்லாத மனு
ஒன்றுகூட வரவில்லை.
"இன்னா நைனா, பாதியில நிறுத்திக்கினே?"
என்கிறான் எதிரே குந்தியிருப்பவன்.
ஒன்றுமில்லை,
ழகரத்தின் கீழ்ச் சுழியை
முடிக்கக் கொஞ்சம் நேரமாகிறது.